அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

(மைதானம் – தொடர் 9)

ஜூலியஸ் யேகோவை ‘யூடியூப் மனிதர்’ என்பார்கள். கென்யாவில் ஓட்டப் பயிற்றுவிப்பாளர்களுக்குக் குறைவில்லை. ஈட்டி எறியக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து, செக் நாட்டு யான் ஸெலெஸ்னியின் எறிதல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தானாகவே பழகினார். 2015இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் 92.72 மீற்றர் எறிந்து தங்கம். மறுவருடம் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

நம் கரையோரத்துக்கும் அந்த நிலைமை புதிதல்ல. தட்டெறிதலில் நிந்தவூர் ஆஷிக், குறுந்தூர ஓட்டத்தில் பொத்துவில் அஷ்ரப் என்று தேசிய மட்டத்தில் பெயர் எடுத்தவர்கள் உண்டு. ஆனாலும் பல பாடசாலைகளில் ஓட்டம், பாய்தல், எறிதல், கரப்பந்து எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர்தான். யேகோவால் மற்றவர்களைத்தான் பார்க்க முடிந்தது. இன்றைய பிள்ளை தன்னையே பார்க்கலாம். கல்முனை சந்தாங்கேணியில் ஒரு மாலை நின்று பாருங்கள், போன் இல்லாத பொடியன் அரிது. எடுப்பதெல்லாம் ஸ்டேட்டஸுக்குப் போகிறது, அதுதான் சங்கடம்.

போனைச் சாதாரணமாக வைத்து எடுத்தால் செக்கனுக்கு 30 படம். ஈட்டி செக்கனுக்கு 25 மீற்றர் போகிறதென்று வைத்துக்கொள்வோம்; ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது 80 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். கையை விட்டுப் பிரிந்த கணம் அந்த இடைவெளிக்குள் காணாமல் போகும். ஸ்லோ மோஷனில் 240 படம் எடுத்தால் இடைவெளி சுமார் 10 சென்ரிமீற்றர். நீளம் பாய்தலில் பலகையில் கால் பதிந்திருப்பது ஏறத்தாழ 0.12 செக்கன்தான். முதலாவதில் அதற்கு மூன்று நான்கு படம், இரண்டாவதில் முப்பதுக்குக் கிட்ட.

ஓடுகிறவன் பின்னாலேயே ஓடி எடுத்த வீடியோ கல்யாண வீட்டுக்குச் சரி. இங்கே போன் அசையக்கூடாது. பலகைக்கு நேர் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி நிறுத்தவேண்டும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் கதிரையும் இரண்டு செங்கல்லும் போதும். ஒரு மீற்றர் தடியொன்று பாய்பவன் பக்கத்தில் நின்றால், கினோவியா என்ற இலவச மென்பொருளில் தூரமும் கோணமும் அளக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கிக் கெட்டுவிடும்; டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

செக்கனுக்கு 240 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் செக்கனில் 240இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நம்மவர்கள் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு வருவார்கள். மஃரிபு பாங்கோடு கலைவார்கள். ஆகவே வந்தவுடனேயே எடுத்துவிட வேண்டும், மெச் முடியட்டும் என்று காத்திருந்தால் மிஞ்சுவது இருட்டு. வெயில் மேற்கே வயல்பக்கம் இறங்கும்போது போன் கடலைப் பார்த்து நிற்கட்டும். மாறி நின்றால் ஆள் வெறும் கறுப்பு உருவம்.

ஒரு பக்கத்துப் போனால் எல்லாம் தெரிந்துவிடாது. கிரிக்கெட்டையே பாருங்கள்: 1995இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர், பந்தை எறிகிறார் என்று முரளிதரனுக்கு நோ போல் கொடுத்தார். பிறப்பிலேயே முழுதாக நிமிராத முழங்கை, ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் நிமிர்வதுபோலவே தெரியும். ஆய்வுகூடத்தில் பல கமெராக்கள் சேர்ந்து அளந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற வரம்பு 2005இல் வந்ததும் அத்தகைய அளவீடுகளின் பிறகே. போன் வீடியோவைக் காட்டி ஒரு பொடியனை ‘எறிகிறான்’ என்று ஒதுக்குவது அநியாயம்.

பெண்பிள்ளைகளைப் படமெடுக்க உம்மாமார் தயங்குவதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. படம் யாருடைய போனில் இருக்கிறது, நாளை எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. ஆசிரியையின் போனிலோ உம்மாவின் போனிலோ எடுத்து, அங்கேயே பார்த்து, அங்கேயே அழித்துவிடலாம். பார்க்கவேண்டியது ஒன்றுதான்: பலகையில் கால் உடம்புக்கு எவ்வளவு முன்னால் ஊன்றுகிறது? கூடினால் அதுவே பிரேக். அதைப் பார்க்க முகம் படத்துக்குள் வரவே வேண்டியதில்லை.

(தொடரும்)