‘பார்ம்’ என்றால் தோட்டம் மட்டும்தானா?

பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். சாலையோரச் சந்தையில் முட்டைக்கோஸ், சோளம், ஸ்ட்ராபெரி. பக்கத்தில் பிரியும் சாலையோ சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. காய்கறி விளைந்தாலும் தேயிலை விளைந்தாலும் நமக்கு அது ‘தோட்டம்’தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘பார்ம்’, இரண்டாவது ‘எஸ்டேட்’.

இங்கே நான் ஆங்கிலத் துணைப்பாடம் நடத்துகிறேன். வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “சார், பழைய சிங்கப்பூர்ல ‘ஓப்பியம் பார்ம்’ இருந்துச்சுன்னு போட்டிருக்கு. அங்க அபின் செடியா நட்டாங்க?”

நல்ல கேள்வி. அந்தப் ‘பார்ம்’ செடி வளர்க்கும் இடமே அல்ல. 1820இல் சிங்கப்பூரின் நிர்வாகியாக இருந்த வில்லியம் பார்குவார், அபினும் சாராயமும் விற்கும் உரிமையையும் சூதாட்டம் நடத்தும் உரிமையையும் ஏலம் விட்டார். ஏலம் எடுத்தவர் பேசிய தொகையை அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் வருவது அவருக்கு. இந்த ஏற்பாட்டின் பெயர்தான் ‘பார்ம்’. 1910இல் அபின் வணிகத்தை அரசே எடுத்துக்கொள்ளும்வரை அபின் ‘பார்ம்’ நீடித்தது.

தமிழில் இதற்குச் சரியான சொல் உண்டு: குத்தகை. ‘கள்ளுக்கடைக் குத்தகை’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘பார்ம்’ என்பதன் பழைய பொருளும் அதுவே. இடைக்கால லத்தீனில் ‘பிர்மா’ என்றால் முன்னதாக உறுதிசெய்த தொகை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல் முதலில் குத்தகைப் பணத்தையும், பிறகு குத்தகை நிலத்தையும், கடைசியில் பயிர்செய்யும் நிலத்தையும் குறித்தது.

வேதியியல் பாடத்தில் வரும் லவாய்சியரை ‘டேக்ஸ் பார்மர்’ என்று நூல்கள் சொல்லும். அவர் ஏர் பிடித்தவரல்ல. மன்னருக்காக வரி வசூலித்த குத்தகை அமைப்பின் பங்குதாரர். அந்தக் குத்தகைதாரர்களோடு அவரும் 1794இல் கில்லட்டினில் உயிரிழந்தார்.

இன்றைய வழக்கில் ‘சோலார் பார்ம்’ என்பது சூரிய மின்தகடுகள் பரப்பிய நிலம். வேலையை ‘பார்ம் அவுட்’ செய்தார்கள் என்றால், வெளியாரிடம் ஒப்படைத்தார்கள் என்று பொருள். கட்டுரையில் ‘பார்ம்’ என்பதற்குமுன் ‘இன்’ போடாதீர்கள், ‘ஆன்’ போடுங்கள்.

பழைய பொருள் இம்மலையில் இன்னும் சாகவில்லை. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பல, அரசு நிலத்தில் உரிமமோ குத்தகையோ பெற்று நடப்பவை. பயிர் செய்பவருடையது, நிலம் அவருடையதல்ல. பழைய ஆங்கிலேயர் ‘பார்ம்’ என்றது இதைத்தான்.