எழுநூறு என்ற எண்

1990 பிப்ரவரி 14. மதியம் ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்கள். பம்பாயிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்தது. ஓடுதளம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. விமானமோ புத்தம் புதிய ஏர்பஸ் ஏ320. சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்படியிருந்தும் அது ஓடுதளத்தை எட்டவில்லை. பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தில் தரைதட்டி, எழும்பி, மறுபடி விழுந்து, மேட்டில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த 146 பேரில் 92 பேர் இறந்துபோனார்கள்.

நகரத்தின் இன்னொரு பக்கம் இருக்கிற ஸ்ரீராம்புரத்துக்கு இந்தக் கதையோடு என்ன சம்பந்தம்? தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி அது. 2014 மார்ச்சிலிருந்து அதன் தலைக்கு மேலே பச்சைத் தடத்து மெட்ரோ ஓடுகிறது. ஊருக்குப் போக ரயில், வேலைக்குப் போக மெட்ரோ, முடிந்தவர்களுக்கு விமானம் என்று எந்த வண்டியில் ஏறினாலும், முன்பின் தெரியாத ஒருவரின் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருகிறவர்கள்தாம் நாம் எல்லோரும். விபத்துகளைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை இரவில் கண்கொட்டாமல் பார்க்கவைப்பதும் அந்த நினைப்புதான். கனடாவில் 2003-இல் தொடங்கிய தொடர் ஒன்று, இந்தியாவில் நேஷனல் ஜியாகிரஃபிக் சேனலில் ‘ஏர் க்ராஷ் இன்வெஸ்டிகேஷன்’ என்ற பெயரில் ஓடியது. அதைப் பார்த்தே ‘பிளாக் பாக்ஸ்’ கறுப்பு இல்லை, ஆரஞ்சு நிறம் என்று தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

அந்தத் தொடர்களில் அலுப்பூட்டுகிற பகுதியும் உண்டு. பதறும் முகங்கள், திரும்பத் திரும்ப ஒலிக்கும் அபாயமணி, விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு அலறல். செத்தவர்களின் வீட்டார் எங்கோ உட்கார்ந்து இதைப் பார்ப்பார்களே என்ற எண்ணம் எழாமல் இருக்காது. ஆனால் நல்ல பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘விமானியின் தவறு’ என்று எல்லோரும் கையைக் கழுவும் இடத்தில், தவறு ஏன் நடந்தது என்று ஒருவர் கேட்கத் தொடங்குவார். 605-ஐப் புரிந்துகொள்ளவும் அந்தக் கேள்விதான் வேண்டும்.

ஏ320 விமானியின் எதிரே, கண்ணாடிக்குக் கீழே நீளமான ஒரு பலகை இருக்கிறது. அதில் வேகம், திசை, உயரம், இறங்கும் வேகம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருகுகள். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கு என்று சொல்ல வேண்டிய நேரத்தில், 700 அடி உயரத்துக்குப் போ என்று சொல்லும் திருகைத் திருப்பியிருக்கலாம் என்பதுதான் நீதிபதி சிவசங்கர் பட் நடத்திய விசாரணையில் தெளிந்த சித்திரம். எண் ஒன்றேதான், அர்த்தம் வேறு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 2,900 அடிக்கு மேலே இருக்கிற ஊர். இங்கே 700 அடி என்றால் மண்ணுக்குள்ளே.

உயரத்தை மட்டும் இறக்கச் சொன்னால் கணினி எஞ்சினின் விசையை அடியோடு குறைத்துவிடும். விமானம் சறுக்கிக்கொண்டு இறங்கும். விமானிகள் இருவர் திரையிலும் வழிகாட்டும் கோடுகள் உண்டு; இரண்டையும் அணைத்திருந்தால் எஞ்சின் தானாகவே வேகத்தைக் காக்கும் வேலைக்குத் திரும்பியிருக்கும். ஒன்று அணைக்கப்பட்டது. மற்றது அணைக்கப்படவில்லை. பாதை தாழ்வதைக் கண்ட விமானி மூக்கைத் தூக்கினார், வேகம் கரைந்தது. மணிக்குச் சுமார் 245 கிலோமீட்டர் இருக்க வேண்டிய வேகம் 196-க்கு வந்துவிட்டது. இந்த விமானத்தில், எஞ்சினைக் கணினி ஆளும்போது விசைக் கைப்பிடி நகராது. மற்ற பல விமானங்களில் அது முன்னும் பின்னும் அசைவதைக் கை உணரும். இதில் கைக்குச் செய்தி வராது. ஆபத்தை உணர்ந்து முழு விசை கேட்டபோது, அடங்கிக் கிடந்த எஞ்சின் சீறி எழச் சில விநாடிகள் தேவைப்பட்டன. அந்த விநாடிகள் கையில் இல்லை.

விமானிகளின் கவனக்குறைவை விசாரணை மறைக்கவில்லை. ஆனாலும் இதே குடும்பத்து விமானம் 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே மலையில் மோதி 87 பேர் இறந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 3.3 பாகைச் சரிவில் இறங்குவதாக நினைத்துக் கொடுத்த எண்ணை, நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கு என்ற கட்டளையாக விமானம் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் கருதினார்கள். திரையில் ஒன்று ‘-3.3’ என்றும் மற்றது ‘-33’ என்றும் தெரியும்; வித்தியாசம் ஒரு புள்ளிதான். அதன்பின் இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி திரை மாற்றப்பட்டது. இரண்டு நாடு, இரண்டு விமானிக் குழு, ஒரே வகைக் குழப்பம். ஆளைக் குற்றம் சொல்லி முடித்திருந்தால் திரை அப்படியே இருந்திருக்கும்.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்ததையும் அந்தத் தொடர் எடுத்துச் சொன்னது. மோதியவற்றில் ஒன்றான கஜகஸ்தான் விமானத்தில் தரையோடு ஆங்கிலத்தில் பேசியவர் வானொலியாளர் ஒருவரே. அவர் முன்னால் உயரமானி தனியாக இல்லை. டெல்லி ரேடாரோ விமானத்தின் உயரத்தைக் காட்டாத பழைய வகை. இப்படி ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போக முடிவதற்குக் காரணம், விமானம் தன் ‘பிளாக் பாக்ஸில்’ தானே வாக்குமூலம் எழுதிவைக்கிறது என்பதுதான்.

ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை வெகு காலம் இல்லை. 605 விழுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1988 ஜூலை 8 அன்று, பெங்களூரிலிருந்து கேரளத்துக்குப் போன ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லம் அருகே பெருமண் பாலத்தில் தடம்புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள், 605-இல் இறந்தவர்களைவிட அதிகம். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சொன்ன காரணம், சுழற்காற்று. அப்படியொரு காற்றைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்றார்கள் கரையில் வாழ்ந்தவர்கள். ஓட்டுநர் அறையின் பேச்சு இல்லை, நொடிக்கு நொடி அளவுகள் இல்லை. அதனால் அந்தச் சுழற்காற்று இன்றுவரை சந்தேகத்தோடு சுழன்றுகொண்டே இருக்கிறது.

2023 ஜூன் 2 இரவு ஒடிசாவின் பஹாநகா பஜாரில் நடந்தது வேறு. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகளில் பெங்களூரிலிருந்து ஹவுரா போன ரயிலின் கடைசிப் பெட்டிகளும் சிக்கின. இறந்தவர்கள் 290-க்கும் மேல். முதலில் ஓட்டுநர் மேல் சந்தேகம், பிறகு சதி என்ற பேச்சு. ஆனால் அந்த நிலையத்தில் ‘டேட்டா லாகர்’ இருந்தது. சிக்னல் எப்போது பச்சையானது, தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நேரத்தோடு குறித்துவைக்கும் கருவி அது. நேர்த்தடத்துக்குப் பச்சை காட்டிய சிக்னல், பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்த தண்டவாளம் என்ற முரண் அதில் பதிவாகியிருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போன பாதுகாப்பு ஆணையர், 94-ஆம் எண் கேட்டின் தடுப்புக் கம்பத்தை மாற்றியபோதும் அதற்கு முன்பு ஒரு முறையும் சிக்னல் ஒயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். ஓட்டுநர் பச்சையைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

பஹாநகாவைப் பற்றி நல்ல படம் ஒன்று வந்தால், அது மோதலின் சத்தத்தில் தொடங்காமல் அந்த ஒயர் பெட்டியில் தொடங்கட்டும். எந்த முனைக்கு என்ன பெயர் எழுதியிருந்தது, மாற்றியவர் கையில் சரியான வரைபடம் இருந்ததா, மாற்றிய பிறகு சோதித்துப் பார்த்தவர் யார் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகக் காட்டட்டும். பெருமணுக்கும் ஒரு படம் வேண்டும். கரையில் அன்று நின்றவர்களுக்கு வயதாகிவிட்டது. அந்த ரயிலின் வாக்குமூலம் இனி அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.