படம் எடுத்த இடத்திலேயே பதில்

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடுவது யார் என்பதை ஊரே வகுத்து வைத்திருக்கும். ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பத்துக்காரர் தன் முறை வந்த நாளில் இருமலைக் காட்டக் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறினால், அன்றைய வருமானம் போச்சு. எக்ஸ்ரேக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள் என்றால் இரண்டாவது நாள் பலர் போகவே மாட்டார்கள். காசநோய் நழுவுவது இந்த இடைவெளியில்தான்.

2019–21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடிப் போகவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால், நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். இருமல் இல்லாமலும் நுரையீரலில் நோய் இருக்கலாம்.

ஊருக்கே எக்ஸ்ரே வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் ஆயிரக்கணக்கானோருக்கு மார்புப் படம் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். படக்கருவி கிராமத்துக்கு வந்துவிடும்; அந்தக் கண் வராது.

செயற்கை நுண்ணறிவு நிரப்புவது அந்த இடத்தைத்தான். நோயுள்ள, நோயில்லாத லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், புதிய படத்தில் சந்தேகமான பகுதியை வண்ணமிட்டுக் காட்டி, ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. ஒரு நிமிடம் போதும். பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவியோடு சேர்ந்தால் மீன் இறங்குதளத்திலேயே முகாம் போடலாம். 2021இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயது நிரம்பியவர்களுக்கு இத்தகைய மென்பொருளைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வெளிவந்த டாக்கா ஆய்வில், சுமார் 24,000 பேரின் படங்களை அலசிய ஐந்து மென்பொருள்களும் அங்குள்ள கதிரியக்க மருத்துவர்களை விஞ்சின.

அதே ஆய்வு குறையையும் காட்டியது. முதியவர்களிடமும் ஏற்கெனவே காசநோய் வந்து போனவர்களிடமும் கணிப்பு தடுமாறியது. ஆறிய தழும்பும் நோய்போலவே தெரியும். ஆகவே மதிப்பெண் தீர்ப்பாகாது. அது ‘இவருக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள்’ என்று கைகாட்டுவது மட்டுமே. நோயை உறுதிசெய்வது ட்ரூநாட், சிபிநாட் போன்ற சோதனைகள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சோதனை என்பதையும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்: எல்லையைத் தாழ்த்தினால் ஆய்வகத்தில் கூட்டம் சேரும், உயர்த்தினால் நோயாளி நழுவுவார்.

எனவே கருவி வாங்கும் கணக்கோடு இன்னொரு கணக்கும் வேண்டும். முகாமிலேயே சளி மாதிரி வாங்கும் ஆள், முடிவை வீட்டுக்கே வந்து சொல்லும் சுகாதாரப் பணியாளர், ஆறு மாத மாத்திரை, மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி. இவை தயாராக இல்லாவிட்டால், ஒரு நிமிடத்தில் கிடைத்த பதிலும் பழைய ரிப்போர்ட்போலவே கேட்பாரற்றுக் கிடக்கும்.