6 ஓட்டில் கைமாறிய எம்.பி. பதவி: எண்ணாத 22 ஓட்டுக்காக 5 மாதம் நடந்த இழுபறி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2020-ம் ஆண்டு நடந்த நாடாளுமன்ற தேர்தலில், சுமார் 4 லட்சம் பேர் ஓட்டு போட்ட ஒரு தொகுதியில் வெறும் 6 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி, தோல்வி முடிவானது. எண்ணாமல் ஒதுக்கப்பட்ட 22 ஓட்டுகளை எண்ணியிருந்தால் முடிவே தலைகீழாக மாறியிருக்கும் என்று தோற்ற வேட்பாளர் போர்க்கொடி தூக்கினார். தேர்தல் முடிந்த பிறகும் சுமார் 5 மாதங்கள் இந்த இழுபறி நீடித்தது.

ஜெயித்தவர் குடியரசு கட்சியைச் சேர்ந்த மரியநெட் மில்லர்-மீக்ஸ். தோற்றவர் ஜனநாயக கட்சியைச் சேர்ந்த ரீட்டா ஹார்ட். இருவருமே பெண்கள். இருவருமே மாநில செனட் சபையில் உறுப்பினராக இருந்தவர்கள்.

மில்லர்-மீக்சுக்கு கிடைத்த ஓட்டு 1 லட்சத்து 96 ஆயிரத்து 964. ரீட்டா ஹார்ட்டுக்கு கிடைத்த ஓட்டு 1 லட்சத்து 96 ஆயிரத்து 958. கணக்கு போட்டு பார்த்தால் 65 ஆயிரம் ஓட்டுக்கு ஒரு ஓட்டுதான் வித்தியாசம்.

எந்த தொகுதி?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு காங்கிரஸ் என்று பெயர். அதில் பிரதிநிதிகள் சபை என்பது நம் நாட்டு மக்களவை மாதிரி. மொத்தம் 435 உறுப்பினர்கள். 2 ஆண்டுக்கு ஒரு முறை அத்தனை இடத்துக்கும் தேர்தல் நடக்கும்.

அயோவாவின் 2-வது தொகுதி அந்த மாநிலத்தின் தென்கிழக்கு பகுதியில் இருந்தது. அதில் 24 கவுண்டிகள். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாக பகுதி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட், கிளிண்டன், பர்லிங்டன் நகரங்களும், பல்கலைக்கழகம் உள்ள அயோவா சிட்டியும் இந்த தொகுதியில்தான் இருந்தன. மீதி பெரும்பாலும் விவசாய கிராமங்கள்.

அயோவா சிட்டியில் ஜனநாயக கட்சிக்கு செல்வாக்கு அதிகம். கிராமங்களில் குடியரசு கட்சியின் கை ஓங்கி இருக்கும். ஆற்றங்கரை நகரங்களில் உள்ள தொழிலாளர்கள் ஒரு காலத்தில் ஜனநாயக கட்சியின் பக்கம் இருந்தார்கள். 2012-ல் ஒபாமாவுக்கு கைகொடுத்த இந்த தொகுதி, 2016-ல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. ஆனால் எம்.பி. மட்டும் ஜனநாயக கட்சிக்காரர்தான். டேவ் லோப்சாக் என்பவர் 2006-ல் இருந்து தொடர்ந்து ஜெயித்து வந்தார். அவர் 2020-ல் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார். அவ்வளவுதான், இரண்டு கட்சிகளும் மோதும் போர்க்களமாக தொகுதி மாறியது.

மில்லர்-மீக்ஸ் கண் டாக்டர். ராணுவத்தில் வேலை பார்த்தவர். இதே தொகுதியில் 2008, 2010, 2014 என 3 முறை லோப்சாக்கிடம் தோற்றவர். ரீட்டா ஹார்ட் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். விவசாயமும் உண்டு. 2018-ல் மாநில துணை கவர்னர் பதவிக்கு போட்டியிட்டு தோற்றார்.

முன்னுக்குப்பின் மாறிய முடிவு

2020 நவம்பர் 3-ந்தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. அன்று இரவு எண்ணி முடித்தபோது மில்லர்-மீக்ஸ் 282 ஓட்டுகள் முன்னிலையில் இருந்தார்.

சில நாட்களில் ஜாஸ்பர் கவுண்டியில் ஒரு தவறு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வாக்குச்சாவடியின் கணக்கை பதிவு செய்ததில் ஆள் செய்த பிழை. அதை திருத்தியதும் ரீட்டா ஹார்ட் 162 ஓட்டுகள் முன்னிலைக்கு வந்துவிட்டார். அவரது ஆதரவாளர்கள் மகிழ்ச்சி அடைந்தார்கள்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. அடுத்து லூகாஸ் கவுண்டியில் ஒரு வாக்குச்சாவடியின் ஓட்டுகள் சரியாக சேர்க்கப்படவில்லை என்று தெரியவந்தது. அதை சேர்த்ததும் மறுபடி மில்லர்-மீக்ஸ் முந்தினார். இந்த முறை வித்தியாசம் 47 ஓட்டுகள்.

ஒரு வாரத்துக்குள் வெற்றி இரண்டு முறை கைமாறியது. இதில் யாரும் கள்ள ஓட்டு போடவில்லை. பெட்டியை தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. நம்பரை ஏற்றும்போது நடந்த தவறுதான். வழக்கமாக ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசம் இருக்கும் என்பதால் இப்படிப்பட்ட தவறுகள் வெளியே தெரிவதில்லை. போட்டி கடுமையாகும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

மறு எண்ணிக்கை எப்படி நடந்தது?

24 கவுண்டிகளிலும் மறு எண்ணிக்கை நடத்த வேண்டும் என்று ரீட்டா ஹார்ட் கேட்டார். அப்போது இருந்த அயோவா சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியிலும் 3 பேர் கொண்ட குழு இதை நடத்தியது. ஆளுக்கு ஒருவரை இரண்டு வேட்பாளர்களும் நியமித்தார்கள். மூன்றாவது ஆள் இருவருக்கும் பொதுவானவர்.

அயோவாவில் காகித ஓட்டுச்சீட்டுதான். பெயருக்கு பக்கத்தில் உள்ள சிறிய வட்டத்தை மை போட்டு நிரப்ப வேண்டும். எந்திரம் அதை படித்து எண்ணும். சிலர் வட்டத்தை நிரப்பாமல் டிக் அடிப்பார்கள், சுற்றி கோடு போடுவார்கள். எந்திரத்துக்கு அது வெற்றுச் சீட்டாக தெரியலாம். மனிதர்கள் பார்த்தால் யாருக்கு போட்ட ஓட்டு என்று புரிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம் ஆனது. சில கவுண்டிகளில் எந்திரத்தில் மட்டும் மறுபடி எண்ணினார்கள். சில கவுண்டிகளில் கையால் எண்ணினார்கள். வேறு சில இடங்களில் இரண்டையும் கலந்து செய்தார்கள். எந்த முறை என்பதை அந்தந்த குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்று அப்போது இருந்ததுதான் காரணம். ஆக, ஒரே மாதிரி போட்ட ஓட்டு ஒரு கவுண்டியில் செல்லும், பக்கத்து கவுண்டியில் செல்லாமல் போகும் என்ற நிலை.

நம் நாட்டில் இருப்பது போல மொத்த தேர்தலையும் நடத்த ஒரே தேர்தல் ஆணையம் அங்கு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஓட்டுப்பதிவையும் எண்ணிக்கையையும் கவுண்டி அதிகாரிகள்தான் கவனிப்பார்கள்.

மறு எண்ணிக்கை முடிந்தபோது 47 ஓட்டு வித்தியாசம் கரைந்து 6 ஆனது. நவம்பர் 30-ந்தேதி மில்லர்-மீக்ஸ் வெற்றி பெற்றதாக மாநில அரசு சான்று அளித்தது. 1984-ம் ஆண்டுக்கு பிறகு பிரதிநிதிகள் சபை தேர்தலில் இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்தது கிடையாது.

அந்த 22 ஓட்டுகள் என்ன?

ரீட்டா ஹார்ட் அத்துடன் விடவில்லை. முறைப்படி போடப்பட்ட 22 ஓட்டுகள் எண்ணப்படவில்லை என்று குற்றம் சாட்டினார். அவற்றை சேர்த்தால் தான் 9 ஓட்டில் ஜெயித்திருப்பேன் என்றார்.

கொரோனா பரவிய அந்த ஆண்டில் அயோவாவில் சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே ஓட்டு போட்டார்கள். பெரும்பாலானவை தபால் ஓட்டுகள். தபால் ஓட்டு என்றால் நிறைய நிபந்தனைகள் உண்டு. கவரை சரியாக ஒட்ட வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் கையெழுத்து போட வேண்டும். சரியான கவுண்டியில் சேர்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஓட்டு தள்ளுபடி ஆகிவிடும்.

ஹார்ட் மனுவில் சொன்ன ஓட்டுகளில் பல இந்த ரகம்தான். கவர் சரியாக ஒட்டாமல் இருந்தது, கையெழுத்து உரிய இடத்தில் இல்லாதது என்று காரணம் சொல்லி ஒதுக்கப்பட்டவை அவை.

இன்னும் சில ஓட்டுகளில் வாக்காளர் மீது எந்த தவறும் இல்லை என்று மனுவில் கூறப்பட்டது. ஸ்காட் கவுண்டியில் வாக்குச்சாவடிக்குள் போகாமல் வாசலில் காரில் இருந்தபடியே ஓட்டு போட அனுமதிக்கப்பட்ட 2 பேரின் சீட்டுகள் எண்ணும் எந்திரத்துக்குள் போகவே இல்லை. மரியன் கவுண்டியில் 9 தபால் ஓட்டுகள் முதல் எண்ணிக்கையில் விடுபட்டுப்போயின. முதலில் எண்ணாத ஓட்டை மறு எண்ணிக்கையில் சேர்க்க முடியாது என்று சொல்லி அவற்றையும் ஓரம் கட்டிவிட்டார்கள்.

வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் நின்று, சரியாக ஓட்டு போட்ட ஒருவர், "என் ஓட்டு ஏன் கணக்கில் வரவில்லை?" என்று கேட்டால் என்ன பதில்? ரீட்டா ஹார்ட் தரப்பின் வாதமே இந்த கேள்விதான்.

கோர்ட்டுக்கு ஏன் போகவில்லை?

அயோவா சட்டத்தில் தேர்தல் வழக்கை விசாரிக்க 5 நீதிபதிகள் கொண்ட சிறப்பு கோர்ட்டுக்கு வழி உண்டு. ஆனால் டிசம்பர் 8-ந்தேதிக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். சான்று கொடுத்ததோ நவம்பர் 30-ந்தேதி. சில நாட்களில் ஆயிரக்கணக்கான சீட்டுகளை பார்த்து தீர்ப்பு சொல்ல நேரம் போதாது என்று கூறி ரீட்டா ஹார்ட் அங்கு போகவில்லை.

அதற்கு பதிலாக டிசம்பர் 22-ந்தேதி பிரதிநிதிகள் சபையிலேயே மனு கொடுத்தார். உறுப்பினர் தேர்வில் தகராறு வந்தால் கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம் அந்தந்த சபைக்கே உண்டு என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது.

குடியரசு கட்சியினர் கொதித்து எழுந்தார்கள். உள்ளூர் நீதிபதிகளை ஒதுக்கிவிட்டு தன் கட்சிக்கு பெரும்பான்மை உள்ள சபைக்கு ஓடுகிறார், அயோவா மக்கள் கொடுத்த தீர்ப்பை வாஷிங்டனில் உட்கார்ந்து மாற்றப் பார்க்கிறார்கள் என்று பாய்ந்தார்கள்.

அந்த தேர்தலில் சபையில் ஜனநாயக கட்சிக்கு 222 இடங்களும், குடியரசு கட்சிக்கு 213 இடங்களும் கிடைத்திருந்தன. ஒவ்வொரு இடமும் இரண்டு கட்சிக்கும் முக்கியமாக இருந்த நேரம் அது.

2021 ஜனவரி 3-ந்தேதி மில்லர்-மீக்ஸ் தற்காலிகமாக பதவி ஏற்றார். மனு மீது முடிவு வரும் வரை அவர் தலைக்கு மேல் கத்தி தொங்கியது.

பழைய தழும்பு

இந்த இடத்தில் 1984-ம் ஆண்டு கதையையும் சொல்லியாக வேண்டும். இண்டியானா மாநிலத்தின் 8-வது தொகுதியில் குடியரசு கட்சியின் ரிக் மெக்கிண்டயர் ஜெயித்ததாக மாநிலம் சான்று கொடுத்தது. ஜனநாயக கட்சிக்கு பெரும்பான்மை இருந்த பிரதிநிதிகள் சபை அதை ஏற்கவில்லை. தானே மறு எண்ணிக்கை நடத்தியது. ஜனநாயக கட்சியின் பிராங்க் மெக்லாஸ்கி 4 ஓட்டில் ஜெயித்ததாக 1985 மே மாதம் அறிவித்து அவருக்கே பதவி கொடுத்தது. கோபம் அடைந்த குடியரசு கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தனர். அந்த பகை நீண்ட காலம் மறையவில்லை.

அயோவா மனு வந்ததும் அந்த பழைய தழும்பு மறுபடி வலிக்க ஆரம்பித்தது.

மனு வாபஸ்

2021 மார்ச் 10-ந்தேதி சபையின் நிர்வாக கமிட்டி கூடியது. மனுவை தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற மில்லர்-மீக்சின் கோரிக்கையை 6-க்கு 3 என்ற ஓட்டில் கிடப்பில் போட்டது. மனு மீதான விசாரணை தொடரும் என்ற நிலை உருவானதும் பரபரப்பு அதிகமானது.

ஆனால் ஜனநாயக கட்சிக்கு உள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 2 மாதத்துக்கு முன்புதான் ஜனவரி 6-ந்தேதி டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்ற கட்டிடத்துக்குள் புகுந்து கலவரம் செய்தார்கள். மாநிலங்கள் சான்று கொடுத்த முடிவை மாற்றக்கூடாது என்று அப்போது பேசிய கட்சி, இப்போது தானே அதை செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. 6 ஓட்டில் தோற்பது வேதனைதான், ஆனால் அதை சபையில் மாற்றுவது நாட்டுக்கு அதைவிட வேதனை என்ற கருத்தை மின்னசோட்டா எம்.பி. டீன் பிலிப்ஸ் வெளிப்படையாகவே சொன்னார்.

மார்ச் 31-ந்தேதி ரீட்டா ஹார்ட் மனுவை வாபஸ் வாங்கினார். மில்லர்-மீக்சின் பதவி உறுதியானது. பிரச்சினைக்கு உரிய 22 ஓட்டுகள் கடைசி வரை கணக்கில் சேரவே இல்லை.

இதில் இரண்டு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது. சரியாக போட்ட ஓட்டு எண்ணப்பட வேண்டும் என்பது ஒரு பக்கம். முடிவை பெரும்பான்மை உள்ள கட்சி தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் அவசரம் இல்லாமல் விசாரிக்க ஒரு பொதுவான இடமும், போதிய நாட்களும் இல்லாமல் போனதுதான் 5 மாத இழுபறிக்கு காரணம்.

பிறகு என்ன ஆனது?

அதன்பிறகு தொகுதி எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டன. மில்லர்-மீக்ஸ் 2022-ல் புதிய 1-வது தொகுதியில் நின்று ஜனநாயக கட்சியின் கிறிஸ்டினா போஹனனை தோற்கடித்தார். ரீட்டா ஹார்ட் 2023-ல் அயோவா மாநில ஜனநாயக கட்சியின் தலைவர் ஆனார்.

2024 தேர்தலில் மில்லர்-மீக்சும் போஹனனும் மீண்டும் மோதினார்கள். அதிலும் மறு எண்ணிக்கை வரை போனது. இந்த முறை மில்லர்-மீக்ஸ் ஜெயித்தது 799 ஓட்டு வித்தியாசத்தில்.