இடப்பக்கமே திரும்பும் பந்தயம்

தம்பி தங்கைகளே, சென்னைப் புறநகரான வேப்பம்பட்டில் மேற்கே போகிற மின்ரயிலில் ஏறினால் திருவள்ளூர் வரும், அதற்கும் அப்பால் அரக்கோணம். திருவள்ளூரில் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராகி வெளியே வந்தன. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. வேப்பம்பட்டிலிருந்து வடகிழக்கே சாலைவழி போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானங்களுக்கென்று ஓர் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, கார்கள் வந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு அதே கிளப், தெற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைத்தது. 1990-ல் திறந்த அந்தப் பாதையின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், அதில் 12 வளைவுகள்.

அந்தப் பாதையில் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் வரைக்கும் போனவர் நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர். 1977 ஜனவரி 14-ல் பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலி பந்தயத்தைப் பலமுறை வென்றவர். நரேன் ஒவ்வொரு வகைக் காராக மாறி மாறி மேலே ஏறினார். ஒவ்வொரு காரும் அவருக்கு ஓர் இயற்பியல் பாடம் நடத்தியது என்பதுதான் என் எண்ணம். அந்தப் பாடங்களை நாமும் படிக்கலாம். அதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

முதலில் ஓர் அடிப்படை. ஓடுகிற கார் நேராகவே போகப் பார்க்கும். அது நிலைமம், வகுப்பில் படித்திருப்பீர்கள். அதை வளைத்துத் திருப்ப வேண்டுமானால், வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுக்க வேண்டும். கயிறு கட்டி இழுக்க யாரும் இல்லை. டயருக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற உராய்வுதான் அந்த வேலையைச் செய்கிறது. நான்கு டயர்களிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி, டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு. அவ்வளவு ரப்பரை நம்பித்தான் மொத்தக் காரும் திரும்புகிறது.

எவ்வளவு விசை வேண்டும்? வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். 10 × 10 ÷ 40 = 2.5. இது புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. டயர் சிரமமில்லாமல் தாங்கிக்கொள்ளும். வேகத்தை இரட்டிப்பாக்கி 72-ல் திரும்பினால்? 20 × 20 ÷ 40 = 10. ஏறத்தாழ முழுப் புவியீர்ப்பு அளவு. வேகம் இரண்டு மடங்குதான் கூடியது, தேவைப்படும் விசையோ நான்கு மடங்காகிவிட்டது. சாதாரண காரின் டயர், காய்ந்த தார்ச்சாலையில்கூட இந்த இடத்தில் கையை விரித்துவிடும். கார் சறுக்கும். பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரமும் இதே கணக்குதான்: வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. பந்தயப் பாதையில் சறுக்கினால் ஓரத்தில் வெற்று நிலம் விட்டிருப்பார்கள். சென்னை-திருவள்ளூர் சாலையில் சறுக்கினால் எதிரே லாரி வரும், ஓரத்தில் மனிதர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். வேகம் பந்தயப் பாதைக்கு மட்டுமே உரியது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த நான்கு மடங்குக் கணக்கால்தான்.

நரேனின் முதல் பந்தயக் கார் ஃபார்முலா மாருதி. கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்ற அருமையான பொறியாளரின் படைப்பு அது. மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் காராக அதை உருவாக்கினார். இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு பந்தயக் கார் வேண்டும் என்பது அவர் நினைப்பு. 1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்தச் சின்ன எஞ்சின் கற்றுக்கொடுத்த பாடம் பெரியது. வலுவான எஞ்சின் இருந்தால், வளைவில் வேகத்தை இழந்தாலும் அடுத்த நேர்ப்பாதையில் மிதித்து மீட்டுவிடலாம். 796 சி.சி. எஞ்சினில் அது நடக்காது. ஒருமுறை இழந்த வேகத்தைத் திரும்பப் பெற நெடுநேரமாகும். அதனால் வளைவுக்குள் அகலமாக நுழைந்து, உள் ஓரத்தை உரசினாற்போலத் தொட்டு, மறுபடி அகலமாக வெளியே வர வேண்டும். இப்படிப் போனால் கார் போகும் வட்டத்தின் ஆரம் கூடும். நம் கணக்கில் ஆரம் கீழே வகுக்கும் எண் அல்லவா? அது பெரிதானால் தேவைப்படும் விசை குறையும். அதே டயரை வைத்துக்கொண்டு கூடுதல் வேகத்தில் திரும்பலாம். பந்தயம் பழகுகிற பிள்ளைக்குச் சின்ன எஞ்சினைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பேன்.

1992-ல், பதினைந்து வயதில், நரேன் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். அங்கு நடந்த போட்டியில் அரையிறுதி வரை வந்தார். அடுத்து இங்கிலாந்து. 1994-ல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ஒரு பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான். ஃபார்முலா ஃபோர்டு காரில் இறக்கை கிடையாது. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கக் காற்று உதவாது. கால், கை, டயர் மூன்றும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே படிக்க வேண்டியது காற்றை வேறு விதமாகப் பயன்படுத்துவது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகும். அங்கே ஒட்டிக்கொண்டு வருகிற காருக்குக் காற்றின் தடை குறைவு. சமயம் பார்த்து வெளியே வந்தால் முந்திவிடலாம்.

1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம். 1998-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ தொடரில் ஓடினார். இங்கே காருக்கு இறக்கை உண்டு. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். காரில் அதே இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தியிருப்பதால் கீழே அழுத்தும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும், டயரின் பிடிப்பும் கூடும். வினோதம் என்னவென்றால், இறக்கை இல்லாத கார் சறுக்கிவிடும் வேகத்தில்கூட இந்தக் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். மனம் பிரேக்கை மிதிக்கச் சொல்லும், இயற்பியல் மிதிக்காதே என்று சொல்லும். இயற்பியலை நம்பப் பழகுவதுதான் இந்தப் படியின் கஷ்டமான பாடம். 2001 ஜூன் மாதம் ஜாகுவார் அணிக்காக ஃபார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார் நரேன். ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர். 2005-ல் ஜோர்டான் அணியில் முழுநேர ஓட்டுநரானார். ஃபார்முலா ஒன் வளைவுகளில் உடம்பு நான்கு ஐந்து மடங்கு கனக்கும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால், வளைவில் கழுத்து தாங்க வேண்டியது சுமார் முப்பது கிலோ. அதற்காகவே ஓட்டுநர்கள் கழுத்துக்குத் தனியாக உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 19-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பாதையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு வளைவு மட்டும் தட்டையாக இல்லாமல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த வளைவில் தரையே காரை மையத்தை நோக்கித் தள்ளிக் கொடுக்கும். அதனால் வேகமாகத் திரும்பலாம். ஆனால் அந்த வேகத்தில் கார் தரையோடு அழுந்தும், டயரின் பக்கச்சுவர் பெரும் பாரத்தைச் சுமக்கும். மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை என்பது வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள்தான் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவர்.

ஐந்து ஆண்டு கழித்து மறுபடி அமெரிக்கா. 2010 மார்ச்சில், நாஸ்கார் அமைப்பின் டிரக் பந்தயத்தில், மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் இறங்கினார் நரேன். நாஸ்கார் 1948-ல் தொடங்கியது. கடையில் விற்கிற காரையே கொண்டுவந்து ஓட்டியதால் இதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர் வந்தது. இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் கடைக் கார். உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை. நரேன் ஓட்டிய வண்டி, சரக்கு ஏற்றும் சின்ன டிரக் மாதிரி இருக்கும். எடை சுமார் ஒன்றரை டன். அவர் பழகிய ஃபார்முலா ஒன் காரைவிட இரண்டரை மடங்கு கனம்.

மார்ட்டின்ஸ்வில் பாதை கடைகளில் விற்கிற காகிதக் கிளிப் வடிவம். ஒரு சுற்று 850 மீட்டர்கூட இல்லை. சுமார் 20 வினாடியில் முடிந்துவிடும். நேர்ப்பாதையில் தார், வளைவில் கான்கிரீட். 250 சுற்று. எல்லா வளைவும் இடப்பக்கம்தான். வலப்பக்கம் திரும்புகிற வேலையே கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, இடச்சக்கரம் சின்ன வட்டத்தில். நம் வீட்டுக் காரில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. பந்தய டிரக்கில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுற்றும். அப்படியானால் ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டுமே? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, வலப்பக்க டயரை இடப்பக்க டயரைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது! ஒருமுறை சுழலும்போது பெரிய டயர் அதிக தூரம் போகும், சின்ன டயர் குறைந்த தூரம் போகும். வண்டி தானாகவே இடப்பக்கம் வளையப் பார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர், வளைவின் ஆரம் 60 மீட்டர் என்றால், வலச்சக்கரம் 100-க்கு 2.5 பங்கு கூடுதல் தூரம் போக வேண்டும். டயரின் சுற்றளவு 2.2 மீட்டராக இருந்தால், வித்தியாசம் ஐந்தரை சென்டிமீட்டர்.

டீக்கடைக் காகிதக் கப்பைத் தரையில் படுக்க வைத்து உருட்டினாலும் இதுதான் நடக்கும். வாய்ப்பக்கம் பெரிது, அடிப்பக்கம் சிறிது. அதனால் அது நேராக ஓடாமல் வட்டம் போடும்.

உங்கள் மின்ரயிலும் இப்படித்தான் வளைகிறது. ரயிலின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை, டிஃபரன்ஷியல் கிடையாது. சக்கரத்தின் ஓரம் தட்டையாக இல்லாமல், இருபதுக்கு ஒன்று என்ற அளவில் லேசாகச் சரிந்திருக்கும். வளைவில் சக்கரத்தொகுதி வெளிப்பக்கமாகச் சற்று நகரும். வெளிச்சக்கரத்தின் பெரிய பகுதி தண்டவாளத்தில் உட்காரும், உள்சக்கரத்தின் சின்ன பகுதி உட்காரும். ரயில் தானே வளைந்துகொள்ளும். ரயிலுக்கு இரண்டு பக்கமும் திரும்ப வேண்டியிருப்பதால் இந்த நகரும் ஏற்பாடு. மார்ட்டின்ஸ்வில் டிரக்குக்கு ஒரே பக்கம் போதும் என்பதால் டயரிலேயே வித்தியாசம் வைத்துவிட்டார்கள்.

அந்த முதல் பந்தயத்தில் நரேன் 13-வது இடத்தில் முடித்தார். நாஸ்கார் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். பதினெட்டு வருடப் பந்தய அனுபவத்துக்குப் பிறகு, இறக்கை கொண்டு அழுத்தாத, கனமான, கோணலான ஒரு வண்டியைப் புதிதாகப் பழகி வந்த இடம் அது. அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அந்த ஆண்டு டிரக் தொடரின் மக்கள் மனம் கவர்ந்த ஓட்டுநர் விருதும் ரசிகர்களின் வாக்குகளால் அவருக்கே கிடைத்தது. இந்திய அரசு அதே 2010-ல் பத்மஸ்ரீ கொடுத்தது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்தபோது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்து வாய்பிளந்தீர்கள் அல்லவா? அந்த ஓட்டுநர்களும் இப்படிப் படிப்படியாகத்தான் ஏறி வருகிறார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஒரு காகிதக் கப்பை எடுத்து, வாயின் விட்டம், அடியின் விட்டம், வாயிலிருந்து அடிவரை சரிவாக அளந்த நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சரிவு நீளத்தை வாயின் விட்டத்தால் பெருக்கி, இரு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுங்கள். வாய் 7 சென்டிமீட்டர், அடி 5, சரிவு 8 என்றால், 8 × 7 ÷ 2 = 28. கப்பின் வாய் போடும் வட்டத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் வர வேண்டும். வாயின் விளிம்பில் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவி, சிமென்ட் தரையில் உருட்டிவிடுங்கள். தூள் போடும் கோட்டை ஸ்கேலால் அளந்து, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.