கோபத்துக்குள் ஒளிந்த அழுகை

கலைத் திருவிழாவுக்காகக் காகிதக் கூழில் முகமூடி செய்ய எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். இரண்டு கொம்புகள், காதுவரை கிழிந்த வாய், கோரைப்பற்கள், பொன்னிறக் கண்கள். கீழே "ஜப்பான் பேய்" என்று எழுதி மாட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ஒரு மாணவி, "இந்தப் பேய்க்கு யார் மேல சார் கோபம்?" என்று கேட்டாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள். அந்தப் பருவத்தில் இரண்டு முறை அவளை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தபோது கிடைத்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முகமூடியின் பெயர் ஹன்னியா. 14ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று இன்றும் ஜப்பானில் நடிக்கப்படும் 'நோ' என்னும் நாடகக் கலைக்கு உரியது. இது பிறவிப் பேயின் முகமன்று. பொறாமையாலும் அவமானத்தாலும் வெந்து பேயாக மாறிய ஒரு பெண்ணின் முகம். பெயர்தான் வியப்பு: சமஸ்கிருதத்தின் 'பிரக்ஞா' என்ற சொல்லின் ஜப்பானிய வடிவம் அது. நாம் 'பிரக்ஞை' என்கிறோமே, அதே சொல். ஹன்னியாபோ என்ற துறவி இதைச் செதுக்கியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு மரபுச் செய்தி உண்டு.

'ஆவோய் நோ உவே' என்ற நாடகத்தில் வரும் ரோகுஜோ சீமாட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்புகொண்டவன் அவளை விட்டு விலகுகிறான். திருவிழாக் கூட்டத்தில் அவன் மனைவியின் ஆட்கள் அவளுடைய வண்டியை ஒதுக்கித் தள்ளி அவமதிக்கிறார்கள். அந்த வேதனை அவள் உடலைவிட்டுக் கிளம்பி, நோயுற்றுக் கிடக்கும் மனைவியைத் தாக்குகிறது. அந்த மனைவியாக யாரும் மேடையில் நடிப்பதில்லை. மடித்து விரித்த ஓர் அங்கிதான் அவள்! முதல் பாதியில் ரோகுஜோ அணிவது பெண்முகம்தான். ஆனால் விழிவெண்மையில் லேசாகப் பொன் பூசியிருக்கும். மாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிற்பாதியில்தான் கொம்புகளோடு ஹன்னியா வருகிறது. உயர்குடிப் பெண்ணுக்கு வெளிறிய நிறம். 'தோஜோஜி' நாடகத்தில் பாம்பாக மாறும் பெண்ணுக்குச் சிவந்த நிறம்.

என்னை நிறுத்தி வைத்தது இதன் செதுக்கல். நேராகப் பார்த்தால் கண்ணும் பல்லும் பளிச்சிட்டுச் சீறும். நடிகர் முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்தால் திறந்த வாய் மறைகிறது. நெரிந்த புருவத்தின் நிழல் கண்ணில் விழுகிறது. அதே முகம் அழுகிறது! கீழே சாய்ப்பதற்கு அவர்களின் கலைச்சொல்லே 'மேகம் கவிதல்' என்ற பொருள் தருவது. புருவமேடு எவ்வளவு முன்தள்ள வேண்டும், கண்குழி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதில் பிழை நேர்ந்தால் இது நடக்காது. அதனால்தான் கைவினைஞர்கள் பழைய முகமூடியின் வளைவுகளை அட்டையில் வெட்டிவைத்து, ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தைச் செதுக்கும்போது பொருத்திப் பொருத்திப் பார்க்கிறார்கள். பிறகு, சிப்பித்தூளை விலங்குப் பசையில் குழைத்துப் பல முறை பூசித் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். நெற்றியில் கலைந்து கிடக்கும் மெல்லிய முடிக்கற்றைகளையும் வரைகிறார்கள். அவள் பெண் என்பதை நினைவூட்டுபவை அந்த முடிகள்தாம்.

எங்கள் முதல் முகமூடி தோற்றது. பலூன்மேல் காகிதம் ஒட்டிச் செய்ததால் முகம் வழவழவென்று உருண்டு, கண் வெறும் வரைந்த கண்ணாக இருந்தது. எப்படிச் சாய்த்தாலும் ஒரே முறைப்பு. இரண்டாம் முறை களிமண்ணில் அச்சு செய்தோம். கண்குழியைக் கட்டைவிரலால் ஆழமாக அழுத்தி, புருவத்துக்குத் தனியாக மண் வைத்தோம். அதன்மேல் காகிதக் கூழ். காய்ந்ததும் சாக்பீஸ் தூளைப் பசையில் குழைத்து மூன்று பூச்சு. மழைநாள் என்பதால் காய ஒரு வாரம் ஆனது. கண்ணுக்கு மிட்டாய் சுற்றிவரும் பொன்னிறத் தாள் போதும். உப்புத்தாள் தேய்க்கும் வேலையை மட்டும் அவசரப்படும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், மூக்கு போய்விடும்.

ஜன்னலோரம் வைத்துச் சாய்த்துப் பார்த்த ஒரு பையன், "சார், இப்ப அழுவுது" என்று கத்தினான். எல்லோரும் சுற்றி நின்று மாறி மாறிச் சாய்த்துப் பார்த்தார்கள். கேள்வி கேட்ட மாணவி கடைசியில்தான் கையில் வாங்கினாள். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று மாலை கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுதுவது முறையாகாது.

கண்காட்சியில் முகமூடியைச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டாம் என்றாள். மேசையருகே அவளே நின்றாள். வந்தவர்களுக்கு முதலில் நேராகப் பிடித்துக் காட்டினாள். அவர்கள் சிரித்து முடித்ததும் மெல்லக் கீழே சாய்த்தாள்.