மானிட்டர் வாங்கும் முன் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

கேம் விளையாட மானிட்டர் வேண்டும் என்று கடைக்குப் போனால், 'பட்ஜெட் எவ்வளவு சார்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு (படங்களைக் கணக்கிட்டு வரைந்து தரும் பலகை) இருக்கிறது?

அதற்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம்? திரை முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்ற கணக்குதான் ரெசல்யூஷன். 1080பி திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 2560 × 1440, சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை, நொடிக்குப் பலமுறை, கார்டு கணக்கிட்டாக வேண்டும். 1080பியில் ஓடிய அதே கேமை 4கேயில் ஓட்டினால் புள்ளிகள் நான்கு மடங்கு. நடுத்தரக் கார்டு அங்கே மூச்சு வாங்கும். படம் திக்கித் திணறும்.

'4கே மானிட்டரை வாங்கிவிட்டு, கேமை மட்டும் 1080பியில் ஓட்டினால் போயிற்று' என்று தோன்றும். ஓட்டலாம், ஆனால் படம் கொஞ்சம் மங்கும். திரையின் புள்ளிகள் அச்சு வார்த்தவை, கூடாது, குறையாது. குறைந்த புள்ளிகளில் வரும் படத்தை மானிட்டர் இழுத்துப் பரப்புகிறது. 1440பி திரையில் 1080பி படம் இன்னும் மோசம்: ஒரு புள்ளியை அகலத்திலும் உயரத்திலும் ஒன்றேகால் சொச்சம் புள்ளிகளில் பரப்ப வேண்டும், ஓரங்கள் குழைந்துவிடும். கார்டு தயாரிக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் (சிறிதாக வரைந்து, கணக்குப் போட்டுப் பெரிதாக்குபவை) இந்த வேலையை மிக நன்றாகச் செய்கின்றன. ஆனால் 4கேயில் அவற்றின் 'குவாலிட்டி' நிலையே உள்ளுக்குள் 1440பி அளவுக்கு வரைகிறது. அதற்கான தெம்பு கார்டில் இருக்க வேண்டும்.

எத்தனை அங்குலம்? மேசையில் நம் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இரண்டு, இரண்டரை அடிதான் இருக்கும். 24 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள், பரவாயில்லை. அதே 1080பியை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகிவிடும், எழுத்துகள் சொரசொரவென்று தெரியும். விலை குறைவு என்று இதை வாங்கி வருந்தியவர்கள் அதிகம். 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109. இன்றைக்கு நடுத்தரக் கார்டு வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு என் சிபாரிசு இதுதான். 32 அங்குலமும் வலுவான கார்டும் இருந்தால் மட்டும் 4கே பக்கம் போங்கள்.

அடுத்தது ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்). 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லிநொடி, 144 ஹெர்ட்ஸில் 7 மில்லிநொடிகூட இல்லை. வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற சுடும் ஆட்டங்களில், எதிராளி மூலையிலிருந்து தலை நீட்டும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். ஆனால் நிதானமாக ஊர் சுற்றும் கதை ஆட்டங்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. எல்டன் ரிங் ஆட்டம் கம்ப்யூட்டரில் நொடிக்கு 60 படங்களைத் தாண்டவே தாண்டாது. அதை மட்டும் விளையாடுபவர் 240 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொட்டுவது வீண்.

கார்டு தரும் படங்களின் வேகம் ஏறி இறங்கினால்? திரை நடுவே கிழிந்ததுபோல் தெரியும். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் (கார்டின் வேகத்துக்குத் தக்கபடி திரையும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரீசிங்க் என்று எழுதியிருந்தால் ஏஎம்டி கார்டுக்கு மட்டும்தானோ என்று பயப்பட வேண்டாம். 2019 முதல் என்விடியா கார்டுகளும் இத்தகைய மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன.

வாங்கியாயிற்று. இனிமேல்தான் பலரும் கோட்டை விடுகிறோம். நானே 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, மாதக்கணக்கில் 60 ஹெர்ட்ஸில் ஓட்டியவன். புது மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பல நேரங்களில் 60இலேயே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் நீங்களேதான் மாற்ற வேண்டும்.

அங்கே 144 என்ற எண்ணே வரவில்லையா? கேபிளைச் சந்தேகியுங்கள். பெட்டியோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே மாட்டுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். மவுஸ் அம்புகூட நொண்டும். 4கேயில் 60 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.0, 120 வேண்டுமென்றால் 2.1. கேபிள் மட்டும் புதிதாக இருந்தால் போதாது, இரு முனையிலும் உள்ள துளைகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் கேபிளை எங்கே செருகினீர்கள் என்பதையும் எட்டிப் பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டின் (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகை) துளை. கீழே, தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பதுதான் கிராஃபிக்ஸ் கார்டுடையது. மேலே செருகினால், விலை கொடுத்து வாங்கிய கார்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

பழைய மானிட்டரை விற்றுவிடலாமா? விற்று எவ்வளவு வந்துவிடப்போகிறது? இரண்டாவது திரையாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அரட்டைக்கும் பாட்டுக்கும் ஆகும்.

பெட்டியைப் பிரித்த அன்றே திரை முழுக்க வெள்ளை, பிறகு கறுப்பு வரவழைத்து, செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா பாருங்கள். மாற்றித் தரச் சில நாட்கள்தான் கெடு இருக்கும். அது முடியும்வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.